சும்மாதானே சாமி

எங்கள் வண்டியின் பின்கண்ணாடியில் 'நாடோடி' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நண்பன் டிசைன் செய்தது. வெள்ளை எழுத்து, கடைசியில் ஒரு சின்ன அலை. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் வண்டி நிற்கும்போது போகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சொல்லை யார் பெருமையாக ஒட்டிக்கொள்ளலாம், யார்மேல் அது வசையாக விழுகிறது என்பதைப் பற்றி ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் யோசனை தொடங்கியது அதிலிருந்து இல்லை. 'சும்மா' என்ற சொல்லிலிருந்து.

வண்டி ஒரு பழைய டெம்போ டிராவலர். முன்பு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நண்பன் அதை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, பிளைவுட்டில் கட்டில் அடித்து, ஒற்றை பர்னர் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் வைத்தான். "கேரவன்னா சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, அதுவாடா?" என்று அவன் அம்மா கேட்டார். "அதேதான்மா, ஏசி மட்டும் இல்ல" என்றான்.

நாங்கள் மூன்று பேர். அவன், நான், கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் ஒரு தோழி. பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு போட்டு, கடற்கரையை ஒட்டியே தனுஷ்கோடி வரை போவதாகத் திட்டம். ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று முதல் நாள் இரவே கோவளம் போய்விட்டோம். மறுநாள் நானும் தோழியும் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை மணலிலேயே நடப்பது, நண்பன் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் அங்கே காத்திருப்பது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்.

ஈசிஆரில் நூறு முறை போயிருப்பேன். பைக்கில், பஸ்ஸில், ஆபீஸ் அவுட்டிங் வேனில். சாலையிலிருந்து பார்த்தால் கடல் விட்டுவிட்டுத்தான் தெரியும். சவுக்குத் தோப்பு, ரிசார்ட் மதில், மறுபடி சவுக்கு, ஒரு கீற்று நீலம். மணலில் இறங்கி நடந்தால் கடல் இடது கைப்பக்கம் விட்டுப்போவதே இல்லை. விடியலில் அலையோரத்து ஈரமணல் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதில் நடப்பது சுலபம். வெயில் ஏற ஏற, கடல் சரிந்து வந்து நம்மை மேல்மணலுக்குத் தள்ளும் இடங்களில், ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால்வரை புதையும். திருவிடந்தையைத் தாண்டியபோதே பேச்சு நின்றுவிட்டது. பேச ஒன்றும் இல்லாததால் இல்லை, மூச்சு வேண்டியிருந்தது.

அந்த நாளில் எங்களை மூன்று பேர் மூன்று இடங்களில் "எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். "சும்மா."

முதலில் கேட்டவர் மீனவர். ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"எங்க தம்பி, காலங்காத்தால?"

"மகாபலிபுரம்ணே. நடந்து."

"பஸ்ஸு ஓடுதே."

"தெரியும்ணே. சும்மா நடக்கலாம்னு."

அவர் தோழியைப் பார்த்தார், எங்கள் ஷூவைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "நெம்மேலிகிட்ட கல்லு கொட்டி வச்சிருக்கான். அதுமேல ஏறாதீங்க, வழுக்கும். மேல வந்து சுத்திப் போங்க." கொஞ்சதூரம் போனதும் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "படகு ஓரமா உக்காராதம்மா, எங்க வாசல் இது, கண்ட கண்ட முள்ளு கெடக்கும்."

வாசல் என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. நடந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் 'வியூ' என்று போன இடம் அவருடைய வாசல். வாசலில் யாராவது குறுக்கே போனால் எங்கே போகிறாய் என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியில் சந்தேகம் இருக்கலாம், அக்கறையும் இருக்கலாம். பதில் எதுவாக இருந்தாலும் அவர் முள்ளைப் பற்றிச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வட நெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் பின்புறத்தைக் கடந்தோம். அதற்கும் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். 2013இல் வந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். சென்னையின் தெற்குப் பகுதிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. பெரியவர் சொன்ன கற்கள் இந்தப் பக்கம்தான் கிடந்தன. படகை இழுத்துப் போட மணல் வேண்டும், கல் கொட்டிய கரையில் மணல் நிற்காது என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். நாங்கள் அவர் சொன்னபடியே சுற்றிப் போனோம்.

இரண்டாவதாகக் கேட்டவர் ஒரு ரிசார்ட்டின் காவலாளி. பட்டிப்புலத்துக்கு முன்னால், மணலில் பாதி புதைந்த ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் ஊதினார்.

"சார், இது பிரைவேட் பீச்."

தோழி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நாங்கள் மாமல்லபுரம் வரை நடக்கிறோம், அலையோரமாகவே போய்விடுவோம் என்று. அவர் எங்கள் பைகளை ஒரு பார்வை பார்த்தார். "ஓகே மேம், கேரி ஆன்" என்று கயிற்றைக் காலால் அழுத்திப் பிடித்தார்.

உண்மையில் அவர் அனுமதி தரவே தேவையில்லை. இந்தியாவில் அலையடிக்கும் மணல் எந்த ரிசார்ட்டுக்கும் சொந்தமில்லை. கமல்நாத் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், கடற்கரை, ஆறு, காடு போன்றவை மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்றது. அந்தக் கருத்து ரோமானியச் சட்டத்திலிருந்து வருகிறது. காற்று, ஓடும் நீர், கடல், கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்று ஜஸ்டினியன் காலத்துச் சட்டம் சொன்னது. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவும் இந்தியா முழுக்கத் தடையின்றி நடமாடும் சுதந்திரத்தைக் குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது. நான் இதையெல்லாம் தோழியிடம் வாய்கிழியப் பேசிக்கொண்டே நடந்தேன். அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "சட்டத்தைப் பாத்தா நம்மள விட்டாரு? ஷூவைப் பாத்து விட்டாரு."

அவளுக்கு 'சும்மா' என்பது எனக்கு இருப்பதுபோல எளிதான சொல் இல்லை. ஒரு பெண் ஓர் இடத்தில் சும்மா நிற்க முடியாது. பஸ்ஸுக்கு நிற்கலாம், பிள்ளையைக் கூப்பிட வந்து நிற்கலாம், போனில் பேசியபடி நிற்கலாம். காரணமில்லாமல் நின்றால் நிற்பதே ஒரு காரணமாகிவிடும். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய 'வொய் லாய்ட்டர்?' புத்தகம் இதைத்தான் பேசுகிறது. பொதுவெளியில் பெண் வெட்டியாக இருக்கும் உரிமையை அவர்கள் கேட்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்ததே அவள்தான். அதில் இன்னொரு வாதமும் உண்டு: பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லி ஏழை ஆண்களையும் சிறுபான்மையினரையும் தெருவிலிருந்து துரத்துவதால் பெண்களுக்கு உரிமை வந்துவிடாது. சும்மா இருக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தால்தான் பெண்ணுக்கும் இருக்கும். நான் இதைப் படித்து, அடிக்கோடு போட்டு, ஒத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவன். இதை ஏன் சொல்கிறேன் என்பது இரவில் தெரியும்.

சாளுவன்குப்பத்தில் புலிக்குகையின் நிழலில் ஒரு மணிநேரம் படுத்தோம். பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு மணலுக்கடியிலிருந்து தோண்டி எடுத்த செங்கல் முருகன் கோயில். பிறகு தேவனேரி. கடற்கரைக் கோயிலின் இரட்டை விமானம் முதலில் கட்டைவிரல் உயரத்தில் தெரிந்து, வளர்ந்துகொண்டே வந்து, மாலை நாலு மணிவாக்கில் முழுசாக நின்றது. காலில் இரண்டு கொப்புளம். என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று அது, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

*

இரவு வண்டியை ஒரு தனியார் பார்க்கிங் மைதானத்தில் போட்டிருந்தோம். நண்பன் ராத்திரிக்கு 300 ரூபாய் பேசி வைத்திருந்தான். மதில் ஓரத்து வேப்பமரத்தடியில் ஒரு நரிக்குறவர் குடும்பம் தார்ப்பாய் விரித்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பாசிமணிக் கோர்வைகள் ஒரு குச்சியில் தொங்கின. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் முப்பது அடி. எங்களிடம் ஓர் அடுப்பு, அவர்களிடம் மூன்று கல் வைத்த அடுப்பு. இரண்டு பக்கமும் சோறு வெந்தது.

ஒன்பதரை மணிக்கு டார்ச்சோடு வந்தார் பார்க்கிங் ஆள். மூன்றாவது "எங்க போறீங்க?" அவருடையது. தனுஷ்கோடி, சும்மா ஒரு டிரிப் என்றோம். சூப்பர் சார் என்றார். டார்ச் வெளிச்சம் பின்கண்ணாடியில் விழுந்தது. 'நாடோடி' என்று சத்தமாகப் படித்துச் சிரித்தார். பிறகு வெளிச்சம் வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது.

"இவங்களால தொந்தரவு எதுவும் இல்லையே சார்?"

"பரவால்லண்ணே" என்றேன்.

நான் சொன்ன சொல் இதுதான். 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். 'அவங்க பாட்டுக்கு இருக்காங்க' என்று சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்றால், தொந்தரவு இருக்கிறது, நான் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஆகிவிடுகிறது. அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

"வேணாம் சார், லேடீஸ் வேற இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய், "எந்திரி எந்திரி, கெளம்பு" என்றார்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, தூக்கம் கலையாத குரலில் சொன்னாள்: "சும்மாதானே சாமி படுத்திருக்கோம்."

காலையிலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டு வந்த அதே சொல். எங்களுக்குக் கயிறு தாழ்ந்தது, விசில் நின்றது, வழி சொன்னார்கள். அவளுக்கு அந்தச் சொல் குற்ற ஒப்புதல் மாதிரி ஆனது. "சும்மா படுக்க இது என்ன சத்திரமா?" என்றார் அவர். பெரிய பிள்ளை தார்ப்பாயைச் சுருட்டிய வேகத்தைப் பார்த்தேன். பழகின கை. ஐந்து நிமிடத்தில் மரத்தடி காலியாக இருந்தது. நான் வண்டிக்குள் ஏறி ஸ்கிரீனை இழுத்துவிட்டேன்.

தோழி தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "என் பேரைச் சொல்லித் தொரத்துனாரு. நீ கேட்டுட்டு நின்ன" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

*

இதில் அதிசயம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். தினமும் நடப்பது. அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாததால்தான் எழுதுகிறேன்.

சும்மா திரிவதைக் குற்றமாக்கிய வரலாறு நீளமானது. இங்கிலாந்தில் 1824இல் வந்த சட்டம் வீடில்லாமல் வெட்டவெளியில் படுப்பதையே தண்டனைக்குரியதாக்கியது. அதே நாடு இந்தியாவில் 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நம் ஊரில் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குறவர் உட்படப் பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதியப்பட்டார்கள். ஊரைவிட்டு நகரச் சீட்டு வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும். சட்டம் நாடு முழுவதும் 1952இல் போனது. ஆனால் ராத்திரியில் மூட்டையோடு நடக்கிறவனைக் கண்டால் நம் கண் சுருங்குவது போகவில்லை. 'சந்தேகக் கேஸ்' என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதே இங்கிலாந்து 2009இல் தன் கடற்கரை முழுக்க நடைபாதை போடச் சட்டம் இயற்றியது, யாரும் சும்மா நடக்கலாம் என்று. நடப்பது ஒன்றுதான், நடப்பவரைப் பொறுத்து அதற்குப் பெயர் மாறுகிறது.

மாமல்லபுரத்திலேயே இது நடந்திருக்கிறது. 2021இல் இங்குள்ள கோயில் அன்னதானத்தில் நரிக்குறவர் பெண் ஒருவர் மற்றவர்களோடு உட்காரவிடாமல் துரத்தப்பட்டதாகப் பேசிய வீடியோ பரவியது. பிறகு அமைச்சர் அதே பந்தியில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வருடத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. இதெல்லாம் பெரிய விஷயங்கள். ஆனாலும் அந்த மரத்தடிக்குச் சட்டம் எதுவும் வரவில்லை. அங்கே வந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் பரவாயில்லை என்றேன்.

கான்ட் 1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி'யில் ஓர் இடம் உண்டு. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஆகவே ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்பதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும், எங்கே யார் இருப்பது என்பதில் ஆதியில் யாருக்கும் கூடுதல் உரிமை கிடையாது என்கிறார். வந்தவனை எதிரியாக நடத்தாமல் இருப்பது தயவு இல்லை, வந்தவனின் உரிமை என்று பிரிக்கிறார். இதை எழுதியவர் தன் ஊரைவிட்டு அதிகம் எங்கும் போகாதவர். நாலாயிரம் கிலோமீட்டர் ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு அவர் கேட்ட கேள்வி பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அந்தக் குடும்பத்தின் உரிமையைத் தயவாக மாற்றி, பிறகு அந்தத் தயவையும் காட்டாமல் விட்டேன்.

மறுநாள் காலை ஐந்து ரதங்களைப் பார்க்கப் போனோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையில் குடைந்தவை. பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பிப் பாண்டவர் ரதத்துக்கு வந்திருக்கிறோம் என்று நண்பன் ஜோக் அடித்தான். தோழி சிரிக்கவில்லை. "அவங்க முதல் டிரிப் எப்படிக் கெளம்புனாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஆதிபர்வத்தில் வருகிறது. வாரணாவதத்தில் அரக்கு மாளிகை. குந்தி விருந்து வைக்கிறாள். சாப்பாட்டுக்காக ஒரு நிஷாதப் பெண் தன் ஐந்து மகன்களோடு வருகிறாள். உண்டு, குடித்து, அங்கேயே தூங்கிவிடுகிறார்கள். அன்றிரவு பீமன் மாளிகைக்குத் தீ வைக்க, பாண்டவர்களும் குந்தியும் சுரங்கம் வழியே காட்டுக்குள் போய்விடுகிறார்கள். காலையில் சாம்பலில் ஆறு உடல்கள். பாண்டவர்கள் செத்துவிட்டார்கள் என்று அஸ்தினாபுரம் நம்புகிறது. அந்த நம்பிக்கையின் மறைவில்தான் அவர்கள் யாருக்கும் தெரியாமல் ஊர் ஊராகத் திரிகிறார்கள். மகாஸ்வேதா தேவி 'குந்தியும் நிஷாதியும்' கதையில் அந்த வேட்டுவக் குலத்துப் பெண்ணொருத்தியைக் காட்டில் வயதான குந்தியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். தன் பாவங்களையெல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும் குந்திக்கு இந்த ஆறு பேரின் நினைவே வந்திருக்காது. கதையின் அடி அங்கேதான் விழுகிறது.

எங்கள் பார்க்கிங்கில் யாரும் சாகவில்லை. ஒப்பீடு பெரிது என்று தெரியும். ஆனால் நான் தூங்குவதற்காக அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுப்பப்பட்டார்கள், அதை மறந்துவிடுவது எனக்கு எளிதாக இருந்தது என்ற இரண்டும் உண்மை.

அர்ச்சுனன் தபசுக்கு எதிரே அந்தப் பெண்ணைப் பார்த்தோம். "மணி வாங்கு சாமி" என்றாள். அடையாளம் தெரிந்ததா என்று தெரியாது, தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பேரம் பேசாமல் 200 ரூபாய் கொடுத்து ஒரு கோர்வை வாங்கினேன். வாங்கும்போதே கூச்சமாக இருந்தது. "அதுக்கும் இதுக்கும் கணக்கு நேராகாது" என்றாள் தோழி.

ஏன் அன்று 'இல்லை' என்று சொல்லவில்லை என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வெறுப்பு இல்லை. சோம்பலும் இல்லை. பயம்தான். அவர்களுக்காகப் பேசினால், எங்கள் 'சும்மா'வும் கேள்விக்கு உள்ளாகும் என்ற பயம். வண்டி ஆர்சியை எடு, ஐடி எடு, இந்தப் பொண்ணு யாரு என்று டார்ச் எங்கள் பக்கம் திரும்பியிருக்கலாம். எனக்கு இருந்தது சுதந்திரம் இல்லை, ஒரு சலுகைதான் என்று உள்ளுக்குள் எனக்கே தெரிந்திருந்தது. சலுகையை இழக்காமல் இருக்க ஒரே வழி அடுத்தவனோடு சேர்ந்து நிற்காமல் இருப்பது. சுதந்திரமாக இருந்திருந்தால் பகிர்ந்தாலும் குறைந்திருக்காது.

இதற்காகப் பயணத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்தால் வேப்பமரத்தடியில் யாருக்கும் கூடுதலாக இடம் கிடைக்கப்போவதில்லை. சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம்: "அவங்க போகணும்னா நாங்களும் கெளம்பறோம்ணே." சொல்லியிருந்தாலும் அவர் துரத்தியிருக்கலாம். அப்போது ராத்திரி பத்து மணிக்கு ஏழு பேர் ரோட்டில் நின்றிருப்போம். அந்த ஏழு பேரில் ஒருவனாக நின்றிருந்தால் 'நாடோடி' என்ற ஸ்டிக்கருக்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்திருக்கும்.

ஸ்டிக்கரை எடுத்துவிடலாமா என்று திரும்பி வந்ததும் கேட்டேன். தோழிதான் வேண்டாம் என்றாள். "எடுத்தா மறந்துடுவோம். கெடக்கட்டும்." அடுத்த மாதம் வடக்குப் பக்கம், பழவேற்காடு வரை போகிறோம். அரிசி, கேஸ், கொசுவலை என்று லிஸ்ட் போட்டாயிற்று. ராத்திரி யாராவது டார்ச்சோடு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் இந்த முறை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறோம்.